அயோத்திதாச பண்டிதர்

நெய்வேலிக்குத் தெற்கே வெள்ளாறு பாய்கிறது. அதன் கரை வழியே மேற்கு நோக்கிச் சென்று, அதனோடு வந்து கலக்கும் வசிட்ட நதியைப் பற்றி மேலும் நடப்போமாயின் சேலம் மாவட்டத்துத் தியாகனூரை அடைவோம். அவ்வூரில் கல்லிற் செதுக்கிய பெரிய புத்தர் திருவுருவங்கள், கால் மடித்துக் கைகளை மடிமேல் வைத்து அமர்ந்த கோலத்தில் விளங்குகின்றன. கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால் நாகப்பட்டினம். அங்கே முதலாம் இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னர் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். அப்பள்ளிக்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்ற ஊரையே வழங்கினான். 1856ஆம் ஆண்டு முதல் அந்நகரின் மண்ணுக்குள்ளிருந்து முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்துள்ளன. சேலம் நகரில் மக்கள் நெடுங்காலம் முனியப்பன் எனப் பெயரிட்டு வணங்கி வந்த சிலையொன்று புத்தர் உருவமே என 2022இல் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது.

மேற்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இத்தனை சான்றுகள் இருப்பவும், பௌத்தம் வடநாட்டுச் சமயம் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். நம் முன்னோர் போற்றிய சமயம் எவ்வாறு மறைந்தது? அதனைப் போற்றியவர்களின் வழித்தோன்றல்கள் எங்கே? இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டு, விடை தேடிய ஒருவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வாழ்ந்தார். அவரே அயோத்திதாச பண்டிதர். அவருடைய வாழ்க்கையை அறியுமுன், அவர் தேடிய சமயம் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

கிறித்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன், இமயத்தின் அடிவாரத்தில் சாக்கியர் என்னும் குலத்தார் ஆண்ட சிறு நாட்டில் சித்தார்த்தர் தோன்றினார். அவர் பிறந்த இடம் லும்பினி. அரச வாழ்வில் வளர்ந்த அவர் முதுமையையும் பிணியையும் சாவையும் கண்டு உள்ளம் கலங்கினார் என்பர். மனைவியையும் மகனையும் அரண்மனையையும் துறந்து, இருபத்தொன்பதாம் வயதில் வெளியேறினார். ஆசிரியர் சிலரை அடுத்துக் கற்றார். உடலை வாட்டி நோன்பிருந்தார். இரண்டாலும் அவர் தேடியது கிட்டவில்லை. இறுதியில் கயைக்கு அருகில் அரச மரம் ஒன்றின் அடியில் அமர்ந்து சிந்தித்தபோது உண்மை விளங்கிற்று. அன்று முதல் அவர் புத்தர் எனப் பெற்றார். அறிவு விழித்தவர் என்பது அச்சொல்லின் பொருள்.

காசியை அடுத்த சாரநாத்தில் ஐவருக்கு அவர் முதன்முதல் அறம் உரைத்தார். அவ்வறத்தின் அமைப்பை ஒரு மருத்துவனின் முறையோடு ஒப்பிடுதல் பழைய வழக்கம். மருத்துவன் முதலில் நோய் இன்னதென அறிகிறான். பின் அதன் காரணத்தை ஆராய்கிறான். அது தீரக்கூடியதே எனத் துணிகிறான். அதன்பின் மருந்தைக் கூறுகிறான். புத்தரும் அவ்வாறே, வாழ்வில் துன்பம் உண்டு, அத்துன்பத்துக்கு வேட்கை காரணம், வேட்கை ஒழியின் துன்பம் ஒழியும், அதற்கு வழி உண்டு என நான்கு வாய்மைகளை விளக்கினார். அவ்வழி எட்டு உறுப்புகளை உடையது. நற்காட்சி, நற்கருத்து, நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்பன அவ்வெட்டு. இல்லறத்தார் நாள்தோறும் காக்க வேண்டியவையாக ஐந்து ஒழுக்கங்கள் வகுக்கப்பட்டன. கொல்லாமை, களவு செய்யாமை, பிறழ்ந்த காமம் விலக்கல், பொய் கூறாமை, கள்ளுண்ணாமை ஆகிய இவற்றைப் பஞ்சசீலம் என்பர். புத்தர், அவர் உரைத்த அறம், அவரைப் பின்பற்றும் சங்கம் ஆகிய மூன்றையும் மும்மணிகள் எனப் போற்றுவர்.

இவ்வறத்தில் வேள்விக்கு இடமில்லை; பிறப்பால் உயர்வு தாழ்வும் இல்லை. புத்தர் தம் காலத்து மக்கள் பேசிய மொழியிலேயே பேசினார். சங்கத்தில் மூப்பு என்பது குலத்தைக் கொண்டு அளக்கப்படவில்லை; துறவு பூண்ட நாளைக் கொண்டே அளக்கப்பட்டது. சாக்கிய இளவரசர் சிலர் துறவு பூண வந்தபோது, அவர்களுக்கு முடிதிருத்தும் பணி செய்த உபாலியும் உடன் வந்தார். உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு இளவரசர்கள் வேண்டினர். புத்தரும் அவ்வாறே செய்தார். இதனால் நேற்றுவரை தம் பணியாளராக இருந்தவரை இளவரசர்கள் மூத்தவராக எண்ணி வணங்க வேண்டியதாயிற்று. சங்க ஒழுக்க விதிகளிற் பெரும் புலமை பெற்றவராகப் பின்னாளில் உபாலியே மதிக்கப்பட்டார். நாம் காணப்போகும் பண்டிதரின் உள்ளத்தைக் கவர்ந்தது பௌத்தத்தின் இப்பகுதியே எனலாம்.

அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாச கவிராச பண்டிதர்பால் கொண்ட அன்பினால் அவர் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். தீண்டத்தகாதவர் எனச் சமூகம் ஒதுக்கி வைத்த குடியில் அவர் பிறந்தார். ஆயினும் அவர் குடும்பம் கல்வியும் மருத்துவமும் வழிவழியாக வந்த குடும்பம். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஐரோப்பிய அதிகாரி ஒருவரிடம் பணி செய்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை அவ்வதிகாரியின் வாயிலாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் எனப் பண்டிதர் பின்னாளில் எழுதியுள்ளார். எவர் கையில் ஏடு இருத்தல் தகாது என ஊர் எண்ணிற்றோ, அவர் வீட்டிலேயே குறள் பாதுகாக்கப்பட்டிருந்தது.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த அயோத்திதாசர் சித்த மருத்துவத்தில் தேர்ந்தார். தமிழோடு வடமொழி, பாளி, ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்றார். பிற்காலத்தில் சென்னை இராயப்பேட்டையில் மருத்துவம் செய்தபோது, கை கால் முடங்கிப் பள்ளிக்கும் செல்ல இயலாதிருந்த சிறுவன் ஒருவனைக் குணப்படுத்தினார். அச்சிறுவன் வளர்ந்து தமிழ்த் தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார் ஆனார், தம் வாழ்க்கைக் குறிப்பில் இதனை நன்றியோடு பதிந்துள்ளார்.

நோயாளியின் கையைத் தொட்டு நாடி பார்க்க வேண்டிய மருத்துவரைத் தொடலாகாதவர் என ஊரார் கூறினர். இம்முரண்பாடு அயோத்திதாசரின் நெஞ்சை உறுத்தாமல் இருந்திருக்க இயலாது. தொடக்கத்தில் அவர் அத்துவைதக் கொள்கையில் நாட்டம் கொண்டு, 1870இல் நீலகிரியில் அத்துவைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் தத்துவத்தை ஏற்றவர்கள், மனிதரை மனிதர் விலக்குவதைக் கைவிடுவர் என்பது அவர் நம்பிக்கையாக இருந்திருக்கலாம். நாளடைவில் அந்நம்பிக்கை தளர்ந்தது. 1891 டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் திராவிட மகாசன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். கல்வி, அரசுப் பணி, பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் இடம்பெற்றன.

மறு ஆண்டு நிகழ்ந்தது ஒன்று அவர் வாழ்வின் திசையை மாற்றிற்று. சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் 1892இல் சென்னை மகாசன சபையின் கூட்டம் நடைபெற்றது. நீலகிரியின் சார்பில் வந்திருந்த அயோத்திதாசர், சிவன் கோயிலிலும் திருமால் கோயிலிலும் தம் மக்களை அனுமதித்தால் என்ன என்று வினவினார். அவையில் கூச்சல் எழுந்தது. உங்கள் குலத்துக்கு வேறு சிறுதெய்வங்கள் உண்டு, இத்தெய்வங்கள் உங்களுக்குரியன அல்ல என்னும் கருத்துப்பட ஒருவர் விடையிறுத்தார். அவ்வாறாயின் அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா எனக் கூறிய அயோத்திதாசர், தம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையிலாவது இலவசக் கல்வியும், ஊர்தோறும் தரிசாய்க் கிடக்கும் நிலமும் வழங்கப் பரிந்துரைக்குமாறு கேட்டார். அதனை அவை ஏற்றது. வழிபாட்டு உரிமை கேட்டவருக்குத் தரிசு நிலத்தைப் பற்றிய தீர்மானம் ஒன்று கிடைத்தது. இந்நிகழ்ச்சியைப் பல்லாண்டுகளுக்குப் பின் அவரே எழுதி வைத்தார். அவமதிப்பைச் சொல்லும் அவ்வெழுத்தில் அழுகை இல்லை. வழக்குரைஞரின் தெளிவே காணப்படுகிறது.

அதுமுதல் அவர் பழைய நூல்களை வேறு கண்ணோடு படித்தார். ஒரு மக்கட் கூட்டம் தொடக்கம் முதலே தாழ்ந்திருந்ததா, அல்லது இடையில் தாழ்த்தப்பட்டதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. மணிமேகலையும் வீரசோழியமும் நிகண்டுகளும் அவருக்குச் சான்றுகள் ஆயின. தமிழகத்தில் பௌத்தம் ஓங்கியிருந்த காலத்தில் சாதி இல்லை. பௌத்த நெறியில் உறுதியாக நின்றவர்களே, அச்சமயம் வீழ்ந்தபின் இழித்துரைக்கப்பட்டு ஊருக்கு வெளியே தள்ளப்பட்டனர். ஆகவே அவர்கள் புதிய சமயம் ஒன்றில் சேர வேண்டியதில்லை, தம் பழைய இல்லத்துக்குத் திரும்பினால் போதும். இதுவே அவர் கண்ட விடை.

அடையாற்றில் பிரமஞான சபையை நடத்தி வந்த கர்னல் ஆல்காட் என்னும் அமெரிக்கர், 1894 முதல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தி வந்தார். அவர் 1880லேயே இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றவர். அவரை 1898இல் அயோத்திதாசர் தம் தோழர்களோடு சென்று கண்டார். அவ்வாண்டே ஆல்காட்டுடன் அயோத்திதாசரும் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியும் கொழும்புக்குப் பயணமாயினர். அங்கு வித்தியோதய பிரிவேனா என்னும் பௌத்தக் கல்விச்சாலையின் தலைவரான சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தராயினர். ஆறு ஆண்டுகளுக்கு முன் கோயில் வாயில் மறுக்கப்பட்டவருக்கு அறத்தின் வாயில் திறந்தது. உ. வே. சாமிநாதையர் அரிதின் முயன்று பதிப்பித்த மணிமேகலை அச்சேறி வெளிவந்ததும் அதே 1898ஆம் ஆண்டில்தான். மறைந்த பௌத்தம் தமிழகத்தில் ஏட்டிலும் வாழ்விலும் ஒரே ஆண்டில் தலைகாட்டியது வியப்புக்குரியது.

சென்னைக்குத் திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கப்பட்டது. வேதியியல் பேராசிரியர் இலட்சுமி நரசு, சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் போன்ற அறிஞர்களும் அக்காலத்தில் சென்னையில் பௌத்தத்தைப் பரப்பினர். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய நிகழ்ச்சிகளைப் பௌத்த முறையில் நடத்தப் பண்டிதர் வழி வகுத்தார். வைகாசி முழுமதி நாளைக் கொண்டாடச் செய்தார். அவருடைய முயற்சியை எல்லாரும் ஏற்கவில்லை. அவர் மைத்துனரும் புகழ்பெற்ற தலைவருமான இரட்டைமலை சீனிவாசனுக்கும் சமய மாற்றத்தில் உடன்பாடு இல்லை. ஒரே துன்பத்தைக் கண்ட இருவர், ஒரே குடும்பத்தினர், இருவேறு மருந்துகளைத் தேர்ந்தனர்.

1907 சூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைப் பண்டிதர் தொடங்கினார். இதழின் விலையே அதன் பெயரில் அமைந்தது. கூலி வேலை செய்பவனும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓராண்டுக்குப்பின் அது தமிழன் எனப் பெயர் பெற்றது. புதன்தோறும் வெளிவந்த அவ்விதழில் அரசியல், மருத்துவம், வேளாண்மை, இலக்கியம், சமயம் ஆகிய அனைத்தையும் பற்றி எழுதினார். புத்தர் வரலாற்றையும் அறத்தையும் ஆதிவேதம் என்ற பெயரில் எழுதினார். இந்திரர் தேச சரித்திரம் என்ற நூலில் நாட்டின் வரலாற்றையே பௌத்த நோக்கில் திருப்பி எழுதினார். இந்திரர் என்பது ஐம்பொறிகளை வென்ற புத்தரைக் குறிக்கும் என்றார். தீபாவளி எள்ளின் நெய்யைக் கண்டறிந்ததைக் கொண்டாடும் நாள் என்றார். இச்சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஒப்புவதில்லை. ஆயினும், பிறர் எழுதிய வரலாற்றில் தம் மக்களுக்கு இழிவைத் தவிர வேறு இடமில்லை எனக் கண்ட ஒருவர், தாமே ஏடுகளைத் திறந்து வினவத் துணிந்தார் என்பதை மறத்தலாகாது. அவர் கண்ட விடைகளிற் சில பிழையாகலாம். அவர் கேட்ட கேள்வி பிழையன்று.

இவ்விதழைக் கையேந்தி வரவேற்றவர்கள் யாவர்? இங்கு நெய்வேலி மாணவர்களுக்கு ஒன்று கூறுதல் தகும். இந்நகரியத்தின் சுரங்கம் மேல்மண்ணை அகற்றி, வான் தெரியப் பழுப்பு நிலக்கரியை வெட்டும் திறந்தவெளிச் சுரங்கம். கோலார் தங்கவயலோ நிலத்தைத் துளைத்து இறங்கும் ஆழ்சுரங்கம். பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை அது எட்டிற்று. 1880ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேய நிறுவனத்தார் அங்குத் தொழில் தொடங்கியபோது, வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து நிலமற்ற தமிழ் மக்கள் பெருந்தொகையாகச் சென்று குடியேறினர். நெருப்பனைய வெப்பத்திலும் பாறை வெடிக்கும் அச்சத்திலும் அவர்கள் உழைத்தனர். ஆயினும் ஊரில் இல்லாத ஒன்று அங்கே கிடைத்தது. திங்கள்தோறும் கூலி கைக்கு வந்தது. ஊர்ப் பெருந்தனக்காரரின் கண்ணுக்கு அஞ்சிக் கூனிக் குறுக வேண்டியிருக்கவில்லை. பல ஊரார் புதிதாய்க் கூடி வாழும் சுரங்க நகரில் பழைய கட்டுகள் சற்றே நெகிழ்தல் இயல்பு; பல திசையினின்றும் வந்து வட்டம் வட்டமாகக் குடியமர்ந்த நெய்வேலி மக்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அத்தகைய கோலாரில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் ஆகிய இடங்களில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தோன்றின. பகலெல்லாம் நிலத்தடி இருளில் இருந்த தொழிலாளர், மாலையில் விளக்கொளியில் அமர்ந்து, எழுத்தறிந்த ஒருவர் படிக்கத் தமிழன் இதழைக் கேட்டனர். பஞ்சசீலத்தின் ஐந்தாம் ஒழுக்கமான கள்ளுண்ணாமை அங்கே ஏட்டளவில் நிற்கவில்லை. கூலி நாளன்று சாராயக் கடைக்குச் செல்லும் காசு வீட்டுக்கு வருமா வராதா என்பது பிள்ளைகளின் சோற்றையும் கல்வியையும் பற்றிய கேள்வி அன்றோ? வடநாட்டில் அரச மரத்தடியில் தோன்றிய ஓர் அறம், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப்பின் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் குடிசையில் இவ்வாறு வேலை செய்தது. பெங்களூர், திருப்பத்தூர் ஆகிய ஊர்களிலும், கடல் கடந்து தமிழர் குடியேறிய இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆகிய இடங்களிலும் கிளைகள் அமைந்தன.

1911ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, அஞ்சாது தம்மைப் பௌத்தர் எனப் பதிவு செய்யுமாறு பண்டிதர் தம் இதழ் வாயிலாக வற்புறுத்தினார். முதுமையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1914 மே 5ஆம் நாள் அவர் மறைந்தார். தந்தை விட்டுச் சென்ற இதழை மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார். பின்னர் 1926இல் கோலார் தங்கவயலின் பௌத்தர்கள் அதனை ஏற்றனர், ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து அதனை வளர்த்தார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் கோலாரின் சித்தார்த்தா புத்தகசாலையே.

இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலை 1948இல் டாக்டர் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபடி வெளியிட்டார். எட்டாண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் ஏற்றார். சென்னையில் அயோத்திதாசர் அவ்வழி நடந்து அப்போது ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அந்நாளில் அவர் பெயரை அறிந்தோர் தமிழகத்திலேயே மிகச் சிலர். பழந்தாள்களாய்ச் சிதறிக் கிடந்த அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999 முதல் நூல்களாக வெளியிட்டது. 2001இல் கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை என்பது பெயர். நாள்தோறும் காலையில் அதன் வாயிலில் நோயாளிகள் வரிசையில் நிற்கின்றனர். உள்ளே மருத்துவர்கள் அவர்கள் கையைத் தொட்டு நாடி பார்க்கின்றனர்.